தோம்பு பாராத வழக்கறிஞரும் துறை தெரியாத பொலிசாரும்

ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ இரண்டு பரப்புக் காணி வாங்கப் புறப்படும் ஒருவன், எழுத்தறிவு இல்லாதவனாயினும், முதலிற் கேட்கும் கேள்வி யாது? "தோம்பு பார்த்தாயிற்றா?" என்பதே அது. போர்த்துக்கேயன் எழுதத் தொடங்கி, ஒல்லாந்தன் விரித்தெழுதி, ஆங்கிலேயன் காணிப் பதிவுக் கந்தோராக்கி விட்டுச்சென்ற அந்தப் புத்தகம் எம் முன்னோருக்கு வரி வாங்குவோனின் கருவியாகவே முதலில் அறிமுகமாயிற்று. பின்னர் அதே புத்தகத்தைத் தம் உரிமைக்குச் சான்றாக நீதிமன்றத்திற் காட்டவும் அவர்கள் கற்றுக்கொண்டனர். அடக்கியாள எழுதப்பட்ட ஏட்டை உரிமை காக்கும் ஏடாக மாற்றிக்கொண்டமை எம்மவரின் சாமர்த்தியம் அன்றோ?

காணிக்கு இத்துணை விழிப்பாக இருக்கும் இதே மக்களும், இவர்களுக்காக வாதாடும் நாமும், இன்னொரு தோம்பு இருப்பதையே அறியாதவர்போல் நடந்துகொள்கின்றோம். இணையத்தில் ஒவ்வொரு பெயரும், ஒவ்வொரு விலாச எண்ணும் எவர் கைவசம் உள்ளன என்று எழுதி வைத்துள்ள பதிவேடுதான் அது. அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. முத்திரை ஒட்ட வேண்டியதில்லை. கந்தோர் வாசலிற் காத்து நிற்கவும் வேண்டியதில்லை. கணினியின் கறுத்தத் திரையில் ஒரு வரி தட்டினாற் போதும். ஆயினும் தட்டுவார் இல்லை. தட்டாமையால் விளைந்த கேடு ஒன்றைக் கூறிவிட்டு மேலே செல்வோம்.

நெடுந்தீவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் எமது கட்சிக்காரர். மாடு வளர்ப்பவர், சிறிது பயிரும் செய்பவர். மகள் ரொறன்ரோவில் இருக்கின்றாள். மகள் அனுப்பிய பொதி வந்து தங்கிக் கிடப்பதாகவும், முந்நூற்றைம்பது ரூபா செலுத்தினால் வீட்டுக்கு வரும் என்றும் அவரது கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மகள் பொதி அனுப்பியிருந்தது உண்மை. ஆகவே அவர் அச்செய்தியிற் குறிப்பிட்ட பக்கத்துக்குச் சென்று வங்கி அட்டையின் எண்ணையும், பின்னர் வந்த இரகசிய எண்ணையும் கொடுத்தார். முந்நூற்றைம்பது ரூபா அன்று. இரண்டு மாடு விற்று வைத்திருந்த ஓர் இலட்சத்துப் பதினெண்ணாயிரம் ரூபா போயிற்று.

மறுநாட் காலைப் படகில் குறிகாட்டுவானுக்கு வந்து, பேருந்து பிடித்து, பொலிஸ் நிலையம் ஒன்றை அடைந்தார். அங்கே கிடைத்த விடை: "இது இணையத்து அலுவல். நிபுணர்தான் பார்க்கவேண்டும். கொழும்புக்குப் போங்கள்." வழியிற் சந்தித்த எமது தொழில் நண்பர் ஒருவரும் இதே விடையைத்தான் கூறினார், கூறியதற்குக் கட்டணமும் பெற்றுக்கொண்டார்! நான்காம் நாள் அவர் எம்மிடம் வந்தார். அந்த நான்கு நாட்களுக்குள் நயினாதீவிலிருந்து இரண்டு குடும்பங்கள் அதே பக்கத்தில் அதே முறையில் பணம் இழந்தன.

நாம் செய்தது மிகச் சிறியது. அதனை ஒளிக்காமற் சொல்கின்றோம், வாசகரும் செய்யட்டும். கணினியிற் கட்டளை தட்டும் திரையைத் திறந்தோம். 'டிக்' என்னும் கட்டளையுடன் அந்தப் பக்கத்தின் பெயரைத் தட்டினோம். பெயருக்குப் பின்னால் நிற்கும் எண் வந்தது. விண்டோஸ் கணினியில் டிக் இராது. 'என்எஸ்லுக்கப்' என்பது அதே வேலையைச் செய்யும். பின்னர் 'ஹூயிஸ்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, முதலிற் பெயரையும் அடுத்து எண்ணையும் கொடுத்தோம். (இவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டவேண்டும். ஹூயிஸ் சில கணினிகளில் இயல்பாகவே உண்டு. இல்லாதவற்றுக்கு இலவசமாகப் பெறலாம்.) பெயர் பதியப்பட்ட நாள், குறுஞ்செய்தி வருவதற்குப் பதினொரு நாள் முந்தியது! பதிந்து கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. பதிந்தவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'தனியுரிமை கருதி மறைக்கப்பட்டது' என்ற வாசகம் இருந்தது. எண்ணோ ஐரோப்பாவில் கணினி வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றின் கைவசம் இருந்தது. முறைப்பாடு அனுப்பவேண்டிய மின்னஞ்சல் முகவரியும் அதன் கீழே எழுதப்பட்டிருந்தது. இவ்வளவும் அறிய ஏழு நிமிடம் சென்றது. பக்கத்தின் படத்தையும் ஏட்டின் பதிலையும் இணைத்து எழுதினோம். மறுநாள் மாலை அந்தப் பக்கம் அகற்றப்பட்டது.

போன பணம் திரும்பவில்லை. வங்கியுடன் அந்த வழக்கு வேறாக நடக்கின்றது. ஆயினும் முதல் நாளே எவரேனும் அந்த ஏழு நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் நயினாதீவுக் குடும்பங்கள் இரண்டும் தப்பியிருக்கும் என்பதை யார் மறுக்க வல்லார்?

நிற்க. இந்த ஏடு எங்கிருந்து வந்தது? 1982ஆம் ஆண்டில், அமெரிக்க ஆய்வு வலையமைப்பில் இருந்தோரின் பெயர்ப் புத்தகமாக ஹூயிஸ் பிறந்தது. இன்று உலகின் விலாச எண்கள் ஐந்து பதிவகங்களின் பொறுப்பில் உள்ளன. எமது பிரதேசத்துக்குரிய பதிவகம் ஏபிநிக். அது அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கின்றது. எமது பதிவகத்தின் வழியே சென்று நாம் தேடிய எண் ஐரோப்பியப் பதிவகத்திற் கிடைத்தது. அதன் தலைமையகம் அம்ஸ்ரர்டாம். காரைநகருக்கு அம்ஸ்ரர்டாம் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், வேலணைக்கு லெய்டன் என்றும் தன் ஊர்ப்பெயர்களைச் சூட்டிச் சென்றவன் ஒல்லாந்தன். நெடுந்தீவு இன்றும் ஆங்கிலத்தில் டெல்ஃப்டாகவே நிற்கின்றது. எம்மைத் தோம்பில் எழுதியவனின் நகரத்துத் தோம்பை நெடுந்தீவான் ஊர்காவற்றுறையில் இருந்துகொண்டு புரட்டிப் பார்த்தான் என்பதை நினைக்க எமக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டாயிற்று.

'நிபுணர் வேலை' என்னும் இந்தச் சொல்லைத்தான் நாம் முதலில் எதிர்க்கின்றோம். 192.248 என்று தொடங்கும் எண் ஒன்றை ஹூயிஸிடம் கேட்டுப் பாருங்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் பெயர் பல எண்களுக்கு வரும். இதில் என்ன நிபுணத்துவம் இருக்கின்றது? தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டத் தெரிந்தவனுக்கு இது தெரியும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், புலன்விசாரணைக்குத் துணைபுரிய நிபுணர் குழாம் ஒன்றை நியமிக்க இடமளித்திருப்பது மெய்யே. நிபுணர் வரும்வரை முறைப்பாட்டாளன் படகுத் துறையில் நிற்கவேண்டும் என்று அச்சட்டத்தின் எந்தப் பிரிவு கூறுகின்றது?

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பாருங்கள். ஆதரவாக 108 வாக்குகளும் எதிராக 62 வாக்குகளும் பெற்று நிறைவேறிய சட்டம். எழுதியவனைத் தேடிப் பிடிப்பதற்கு ஓர் ஆணைக்குழு; விசாரணைக்கு உதவ நிபுணர்! ஆட்சியாளரைக் குறை கூறி நாலு வரி எழுதியவன் எந்த விலாசத்திலிருந்து எழுதினான் என்று தேடுவதற்கு இத்தனை ஏற்பாடு. இரண்டு மாட்டின் விலையை இழந்தவனுக்கோ "கொழும்புக்குப் போ" என்ற ஒரு சொல். ஏடு ஒன்றே. ஆள்பவன் புரட்டும்போது அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது. குடியானவன் கேட்கும்போது அது நிபுணனின் பெட்டிக்குள் போய்விடுகின்றது. என்னே நீதி!

கள்ள உறுதி என்றால் என்னவென்று தீவகத்தாருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. உரிமையாளன் பாரிசிலோ இலண்டனிலோ இருப்பான். வளவு பற்றை மூடிக் கிடக்கும். வேலியும் இராது, வருவாரும் இரார். ஒருநாள் இறந்துபோன ஒருவரின் கையொப்பத்துடன் ஓர் உறுதி பிறக்கும். சொந்தக்காரன் விடுமுறைக்கு வந்து பார்க்கும்போது அங்கே வேறொருவன் கிணறு வெட்டிக்கொண்டிருப்பான். இணையத்திலும் இதுவே நடக்கின்றது. பழைய முறை விலாச எண்கள் மொத்தம் சுமார் 429 கோடி. உலக மக்கள் தொகையோ 800 கோடிக்கு மேல். மையக் களஞ்சியத்திலிருந்த எண்கள் 2011 பெப்ரவரியில் தீர்ந்துவிட்டன. ஆகவே எண்ணுக்கு விலை ஏறிற்று. விலை ஏறிய இடத்திற் கள்ள உறுதியும் வருவது இயல்பு.

ஆபிரிக்கப் பதிவகத்தின் ஏட்டில், கேட்பாரற்றுக் கிடந்த பழைய நிறுவனங்களின் எண்களும், எவருக்கும் வழங்கப்படாத எண்களும் சேர்ந்து 40 இலட்சத்துக்கு மேற்பட்டவை கைமாறிப் போயிருந்தமை 2019ஆம் ஆண்டில் அம்பலமாயிற்று. அதைக் கண்டுபிடித்தது அரசாங்கம் அன்று, பொலிசும் அன்று. கலிபோர்னியாவில் இருந்த தனி ஆய்வாளர் ஒருவர், ஹூயிஸ் ஏட்டின் பழைய வரிகளையும் புதிய வரிகளையும் பொறுமையாக ஒப்புநோக்கிக் கண்டார். தென்னாபிரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் அவருடன் சேர்ந்து வெளிக்கொணர்ந்தார். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்து நிறுவனம் ஒன்றின் கதை எம் ஊர் நொத்தாரிசுமாருக்கு இன்னும் நன்கு விளங்கும். வெறும் பெயரளவில் பல நிறுவனங்களை உண்டாக்கி, இல்லாத அதிகாரிகளின் பெயரால் நொத்தாரிசு சான்றுபடுத்திய சத்தியக் கடதாசிகளைக் காட்டி, 7,57,760 எண்களைப் பதிவகத்திடமிருந்து பெற்றுவிட்டார்கள். 2019இல் குற்றப்பத்திரம் தாக்கலாயிற்று. 2023இல் அந்நிறுவனத்தின் தலைவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. முதற் களவு வெளிப்பட்டமைக்குக் காரணம், ஏடு திறந்திருந்தமையே.

அந்த ஏட்டை மூடும் வேலையும் நடக்கின்றது என்பதே எமது கவலை. 2018 மே 25இல் ஐரோப்பியத் தனித்தரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், பெயர்ப் பதிவகங்கள் பதிந்தவன் பெயரை உலகம் முழுவதற்கும் மறைத்துவிட்டன. 2025 சனவரி 28 முதல், பொதுப் பெயர்களுக்கு ஹூயிஸை நடத்தவேண்டும் என்ற கட்டாயமும் நீங்கி, ஆர்டப் என்ற புதிய முறை அவ்விடத்துக்கு வந்துள்ளது. முறை மாறுவது பற்றி எமக்கு வழக்கில்லை. எண்ணின் ஏடு முன்போலவே பதில் கூறுகின்றது. பெயர் மறைப்பதுதான் வழக்கு. தன் கவிதைக்கோ தன் ஊர்ச் செய்திக்கோ பக்கம் வைத்திருக்கும் தனி மனிதனின் வீட்டு விலாசம் மறைக்கப்படவேண்டும் என்பதை நாம் மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கின்றோம். இந்நாட்டிற் பத்திரிகையாளருக்கு நேர்ந்ததை அறிந்த எவரும் அதை மறுக்கமாட்டார். ஆயின் பணம் வாங்குபவன் நிலை வேறு. சந்தையிற் கடை போடுபவன் பெயர்ப் பலகை மாட்டவேண்டும். இணையத்திற் கடை போடுபவனுக்கு மட்டும் முகமூடி எதற்கு? தனியாளுக்குக் கொடுத்த குடையின் கீழ்க் கள்ளனும் ஒதுங்கி நிற்கின்றான். எமது நாட்டுப் பெயரான 'எல்கே'யையும், 2010ஆம் ஆண்டிற் கிடைத்த '.இலங்கை'யையும் பேணும் பதிவகம், அப்பெயர்களின் கீழ்ப் பணம் பெறும் நிறுவனம் யார் என்பதைக் கேட்டவர்க்கெல்லாம் காட்டவேண்டும் என்று நாம் வற்புறுத்துகின்றோம்.

இவ்வளவும் எழுதியபின், எம் வாதத்துக்கே எதிரான ஒன்றையும் நாமே எழுதவேண்டியிருக்கின்றது. ஏட்டைப் பாராதவன் ஏமாறுகின்றான். தவறாகப் படிப்பவனோ பிறரைச் சிறைக்கு அனுப்புகின்றான்.

2007 ஓகஸ்ட் 31இல் பெங்களூரில் மென்பொருட் பொறியாளர் ஒருவரைப் பூனேப் பொலிசார் கைது செய்தனர். சத்திரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தை ஓர்க்குட்டில் இட்டவர் அவரே என்பது குற்றச்சாட்டு. சான்று? ஒரு விலாச எண்! அந்த எண் அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்று கேட்டபோது, சேவை வழங்கிய நிறுவனம் தவறான ஆளின் விபரத்தைக் கொடுத்துவிட்டது. ஐம்பது நாள் எரவாடாச் சிறையிற் கிடந்து அந்த மனிதர் வெளியே வந்தார்.

கமக்காரருக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நடந்தது. விலாச எண் எந்த ஊரில் இருக்கின்றது என்று கணித்துச் சொல்லும் நிறுவனம் ஒன்று, "அமெரிக்கா என்பது தெரியும், ஊர் தெரியாது" என்ற எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளி என்று ஓர் இடத்தைக் குறித்து வைத்தது. அப்புள்ளி ஒரு கமக்காரக் குடும்பத்தின் வளவுக்குள் விழுந்தது. 60 கோடி எண்கள் அந்த வளவின் தலையில்! களவு, மோசடி, காணாமற்போன பிள்ளை என்று எதைத் தேடினாலும் பொலிசார் அந்தப் படலையைத் தட்டினர். பல ஆண்டுக் காலம் காரணம் விளங்காமல் அக்குடும்பம் அல்லற்பட்டது. 2016இல் உண்மை வெளியானபின் அந்நிறுவனம் புள்ளியை நகர்த்தி ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவே வைத்தது. மீனுக்குப் பேச வாயில்லை என்று நினைத்தார்கள் போலும்.

ஆகவே எமது தொழில் நண்பர்களுக்குச் சொல்கின்றோம். ஹூயிஸ் காட்டுவது எண்ணைக் கைவசம் வைத்துள்ள நிறுவனத்தை. விசைப்பலகையில் விரல் வைத்தவனை அன்று. எண்கள் போதாமையால், கைத்தொலைபேசி நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பெருந்தொகையான வாடிக்கையாளருக்கு ஒரே வேளையிற் பங்கிட்டுக் கொடுக்கின்றன. குறிகாட்டுவானிலிருந்து புறப்பட்ட படகின் இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் இருந்த பயணி ஒருவனைக் கள்ளன் என்று பிடிக்க முடியுமா? எந்த நொடி, எந்தத் துறை எண் என்ற இரண்டும் சேர்ந்தாலன்றி ஆளைச் சொல்ல இயலாது. துறை எண் என்பது, ஒரே விலாசத்தைப் பலர் பங்கிடும்போது ஒருவரின் தொடர்பை மற்றவரின் தொடர்பிலிருந்து பிரித்தறிய இடும் இலக்கம். அது பதிவில் இருக்கின்றதா என்று பொலிசாரைக் குறுக்கு விசாரணை செய்த அப்புக்காத்து ஒருவரையேனும் நாம் இதுவரை கண்டதில்லை.

நேரத்தையும் கேளுங்கள். வெளிநாட்டுக் கணினிகள் தம் குறிப்பைப் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதும். எமது நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. அந்த ஐந்தரை மணியைக் கூட்ட மறந்தால் குற்றவாளி மாறிவிடுவான். இந்நாட்டு மணிக்கூடே 1996இல் இரு தடவையும் 2006இல் ஒரு தடவையும் மாற்றப்பட்டது. மணிக்கூட்டை நம்பி ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாகாது என்பதை இலங்கை நீதிமன்றங்களுக்கு நாம் எடுத்துரைக்கவும் வேண்டுமோ? இன்னொரு சிறு பிழையும் அடிக்கடி நேர்கின்றது. 192.168 என்று தொடங்கும் எண் வீட்டுக்குள்ளும் கந்தோருக்குள்ளும் மட்டும் வழங்கும் எண். அதே எண் இலட்சோபலட்சம் வீடுகளில் ஒரே வேளையில் உண்டு. அதை எழுதிக்கொண்டு வந்து "கள்ளனைக் கண்டுவிட்டோம்" என்பவர், தம் வீட்டு அடுப்படியையே கண்டிருக்கக்கூடும்.

பொலிசாரிடம் நாம் கேட்பது பெரிதன்று. முறைப்பாடு செய்யப்பட்ட அதே நாளில், அந்தப் பக்கத்தின் பெயரையும், எண்ணையும், ஏட்டிற் கிடைத்த பதிலையும், பார்த்த நேரத்தையும் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். நாள் கடந்தால் அந்தப் பதில் மாறிவிடும். எண் இன்னொருவனிடம் போய்விடும். பின்னர் எந்த நிபுணன் வந்தும் பயனில்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு முறைப்பாடு அனுப்பக் கொழும்பின் அனுமதி தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் போதும். இதைச் செய்ய மறுக்கும் நிலையங்களைப் பற்றி, நாளும் நேரமும் குறித்து, பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுத நாம் ஆயத்தமாகிவிட்டோம். எழுதுவதற்கு வேண்டிய சான்றுகளை மக்களிடம் கோருகின்றோம்.

வருகின்ற மாதம் முதற்கொண்டு, முதலாம் மூன்றாம் சனிக்கிழமைகளிற் காலை பத்து மணி தொடக்கம், ஊர்காவற்றுறையில் உள்ள எமது அலுவலகத்தில் இதற்கென ஒரு கணினி திறந்திருக்கும். கட்டணம் இல்லை. கற்றுக்கொள்ள விரும்பும் இளம் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் வந்து உடனிருக்கலாம். முதலில் வருவோர் அடுத்து வருவோருக்குக் கற்பிக்கவேண்டும் என்பதே நிபந்தனை. நெடுந்தீவிலிருந்து வருவோர் மாலைப் படகைத் தவறவிடாதபடி அவர்களுடைய அலுவல் முதலிற் பார்க்கப்படும். வந்த குறுஞ்செய்தியை எவரும் அழித்துவிடாமல் தொலைபேசியுடன் கொண்டுவரக் கேட்டுக்கொள்கின்றோம்.